பெட்டியின் மேல் எழுதாத தேதி

அந்தப் பெண் உள்ளே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. டோக்கன் எதுவும் கேட்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது இங்கேருந்து போனதுதானே?"

குரலை உயர்த்தவில்லை. தாளின் ஒரு மூலையில் செருப்புத் தடம். நடுவில் ஈரம் பட்டுக் காய்ந்த வளையம். எழுத்து மட்டும் அப்படியே இருந்தது: பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர், கணவர் பெயர். அதற்குக் கீழே மருத்துவரின் கையெழுத்தில் மூன்று வரி. கரு கலைந்ததைப் பற்றிய குறிப்பு. மேல் பாதியை நிரப்பியிருந்தது நான்தான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் வழியில் கிடந்த தாளை எடுத்திருக்கிறார். பெயரைப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான், "இது உங்களோடதா பாருங்க" என்று கொடுத்திருக்கிறார். "எங்க வீட்டுலயே ரெண்டு பேருக்குத்தான் இது தெரியும்" என்றார் அந்தப் பெண். "இப்போ ஆபீஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்கே தெரியாது."

அந்தச் சின்ன கிளினிக்கில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்கு இரண்டு நாள் முன்புதான் வேறு கட்டிடத்துக்கு மாறியிருந்தோம். பழைய இடத்தின் பின்னறையில் பல வருடக் கேஸ் ஷீட்டுகள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. ஆறு பெட்டிகளின் மேல் தடித்த மார்க்கரில் 'பழசு' என்று நானே எழுதியிருந்தேன். எனக்கு அதன் அர்த்தம், 'புது இடத்தில் பின்னால் அடுக்க வேண்டியவை'. சாமான் ஏற்ற வந்தவர்களுக்கு அதன் அர்த்தம், 'வேண்டாதவை'. அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. "அண்ணே, பழசெல்லாம் வெளியே போட்டுடுங்க" என்று உடைந்த நாற்காலிகளைக் காட்டிச் சொன்னதும் நான்தான். பெட்டிகள் நாற்காலிகளோடு போய், கட்டிடத்தின் பின்பக்கம் திறந்த குப்பைத் தொட்டி அருகே இரண்டு இரவு கிடந்தன.

அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு ஓடினேன். நாலரைப் பெட்டி கிடைத்தது. மீதி ஒன்றரை இன்றுவரை கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் இன்னும் அதே நாற்காலியில் இருந்தார். "இதை இப்பவே கிழிச்சுடுங்க" என்றார். அதையும் என்னால் செய்ய முடியவில்லை. மருத்துவப் பதிவை இத்தனை ஆண்டு வைத்திருந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அவருடைய தாளுக்கு அந்தக் காலம் முடிய இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பத்திரமாக வைத்திருக்க வேண்டிய காலத்தில் தெருவில் விட்டோம். அழித்துவிடுங்கள் என்று உரியவரே கேட்கும்போது, முடியாது, வைத்திருக்க வேண்டும் என்கிறோம். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன நிமிடம் எனக்கு மறக்காது. அவர் கண்ணெதிரே அந்தத் தாளை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே ஒரு தேதி எழுதினேன். பதினோரு வருட வேலையில் ஒரு பதிவின் மேல் அழிக்க வேண்டிய தேதியை நான் எழுதியது அதுதான் முதல் முறை.

அடுத்த வாரம் முழுக்கப் போன்தான். கிடைக்காத பெட்டிகளில் யார் யார் தாள்கள் இருந்திருக்கும் என்று வருகைப் பதிவேட்டை வைத்துப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரையும் அழைத்துச் சொன்னோம். கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்ற யோசனையும் எங்களுக்குள் எழுந்தது. டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "சொல்லணும்." சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், இப்படி ஒரு கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டமான ஹிப்பாவில், பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல அதிகபட்சம் 60 நாள். ஒரு முதியவர் போனில் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பேப்பர் இப்போ யார் கையில இருக்கு?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அதன் பிறகுதான் சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தாளைத் தூக்கிப் போட்டதோடு பொறுப்பு தீர்ந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். குப்பைக்குப் போகும் கணத்தில்தான் அந்தத் தாளைக் காப்பாற்ற ஆளே இல்லாமல் போகிறது. 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டு வாசலில் வைத்த குப்பைப் பையைக் காவல்துறை வாரண்ட் இல்லாமல் பிரித்துப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. தெருவில் வைத்த குப்பையை யார் வேண்டுமானாலும் கிளறலாம், அதில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்பதே அதன் சாரம். அப்படியானால், குப்பைத் தொட்டியை எட்டும் முன்பே அந்தத் தாள் படிக்க முடியாததாக ஆகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2003-இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், 2005 ஜூன் 1 முதல் ஒரு தனி விதி நடைமுறையில் இருக்கிறது. கடன் தகவல் அறிக்கை போன்றவற்றை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவற்றைப் பாதுகாப்பாக அழிக்க வேண்டும். எரிக்கலாம், பொடியாக்கலாம், ஷ்ரெட் செய்யலாம். ஆனால் திரும்பப் படிக்கவோ ஒட்டவோ முடியக் கூடாது. பெரிய வங்கிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க ஒருவரின் பின்னணி அறிக்கையை வாங்கிப் பார்த்த தனி மனிதருக்கும் அது பொருந்தும். இது போக, 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. எங்கள் துறையில் நடந்த ஒன்றைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. மாத்திரை டப்பாக்களை நோயாளி பெயர் ஒட்டிய லேபிளோடு திறந்த தொட்டியில் போட்டதற்காக, சிவிஎஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் 2009-இல் 22.5 லட்சம் டாலர் கட்டியது. லேபிளும் ஒரு பதிவுதான் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

மற்ற நாடுகளின் சட்டங்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர், எதற்காக வாங்கினோமோ அதற்குத் தேவையான காலத்தைத் தாண்டி வைத்திருப்பதே தவறு என்கிறது. ஒழுங்காக அடுக்கிய காகித ஃபைல்களும் அதில் அடங்கும். மலேசியாவின் 2010 சட்டம், தேவை முடிந்த தகவலை அழிக்கவோ நிரந்தரமாக நீக்கவோ சொல்கிறது. சிங்கப்பூரின் 2012 சட்டமும் நோக்கம் முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்கிறது. இலங்கையில் 2022-இன் 9-ஆம் எண் சட்டம். இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அழிக்க வேண்டும். வேலையை யாரிடம் ஒப்படைத்தோமோ அவர்களையும் அழிக்கவைக்க வேண்டும் என்கிறது அது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

இந்தியச் சட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது டிஜிட்டல் தகவலுக்கும், பின்னர் டிஜிட்டலாக மாற்றிய தகவலுக்கும் உரியது. வெறும் காகிதம் அதன் எல்லைக்குள் வராது. ஆனால் அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்த நிமிடமே ஸ்கேன் உள்ளே வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், காகிதத்தையும் அதே கவனத்தோடுதான் அழிக்க வேண்டும். என் மேசைக்கு வந்த தாள் காகிதம்தான்.

ஷ்ரெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டது அதில்தான் அதிகம். எங்களிடம் ஏற்கெனவே ஒரு சின்ன மெஷின் இருந்தது, தாளை நீள நீள நாடாவாகக் கிழிக்கும் வகை. மீட்டு வந்த பெட்டிகளில் காலம் முடிந்திருந்தவற்றை அதில் போட்டோம். ஒருநாள் மாலை, கூட வேலை பார்க்கும் பெண், "அக்கா, இதை ஒட்டிப் பார்ப்போமா?" என்றாள். வெற்று விண்ணப்பம் ஒன்றில் கற்பனைப் பெயர்களை எழுதிக் கிழித்தோம். நாடாக்களை மேசையில் பரப்பினோம். தலைப்பில் இருந்த நீலப் பட்டை வழிகாட்டியது. ஓரங்களைப் பொருத்திக்கொண்டே போனோம். முக்கால் மணி நேரத்தில் முழு விண்ணப்பமும் ஒட்டப்பட்டு எங்கள் முன்னால் கிடந்தது. பெயர், தேதி, எண்கள் எல்லாம். அவள் சிரிக்கவில்லை, நானும்தான்.

இது ஏற்கெனவே உலகம் பார்த்த கதை. 1979-இல் டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியவர்கள், அங்கே நாடாவாகக் கிழித்துப் போட்டிருந்த ரகசியக் காகிதங்களைத் தரைவிரிப்பு நெய்பவர்களை வைத்தே ஒட்டி, புத்தகங்களாக வெளியிட்டார்கள். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை கடைசி நாட்களில் கையால் கிழித்த ஃபைல்கள் சுமார் 16,000 மூட்டைகளில் கிடைத்தன. 1995 முதல் ஆட்களை உட்காரவைத்து அவற்றை ஒட்டிவந்தார்கள். கையால் நாலாகக் கிழித்துப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மூட்டைகள்தான் நினைவுக்கு வரும்.

எனவே குறுக்கும் நெடுக்கும் வெட்டும் கிராஸ் கட் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். ஷ்ரெட்டர் பெட்டியில் பி-1 முதல் பி-7 வரை ஒரு எண் இருக்கும். ஜெர்மன் தரநிலை ஒன்றிலிருந்து வந்தது. இப்போது அது சர்வதேசத் தரநிலை. எண் கூடக் கூடத் துண்டு சிறிதாகும். பி-2 என்பது 6 மில்லிமீட்டர் அகல நாடா. பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டாது, உதாரணமாக 4 மில்லிமீட்டர் அகலம், 40 நீளம். பி-5-இல் அது 30 சதுர மில்லிமீட்டர்தான். நபர்களின் விவரம் உள்ள காகிதத்துக்கு பி-4-க்குக் கீழே இறங்காதீர்கள். நாடா மெஷின்தான் கையில் இருக்கிறது, உடனே வேறு வழியில்லை என்றால், எழுத்து வரிகள் கத்திக்குக் குறுக்கே போகும்படி தாளைக் கொடுங்கள். வரிகள் நாடாவோடு சேர்ந்து ஓடினால் ஒரே நாடாவில் ஒரு முழு வரி உட்கார்ந்திருக்கும். ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

சின்ன மெஷினுக்கு மூச்சு வாங்கும். சில நிமிடம் ஓடினால் சூடாகி நின்றுவிடும், ஆற விட வேண்டும். கத்திக்கு அவ்வப்போது அதற்கான எண்ணெய் விடுங்கள். ஸ்டேப்ளர் பின்னை எந்த மெஷின் தாங்கும், எது தாங்காது என்று முன்பே பார்த்துவையுங்கள். எங்கள் மெஷின் தாங்கும் என்று எழுதியிருந்தும் கெட்டியான கிளிப்பில் சிக்கி ஒரு மாதம் மூலையில் கிடந்தது. அந்த ஒரு மாதத்தில் சேர்ந்த தாள்கள்தான் உண்மையான ஆபத்து. 'அப்புறம் ஷ்ரெட் பண்ணிக்கலாம்' என்று மேசையோரம் வைக்கும் தட்டை முதலில் ஒழியுங்கள். பூட்டுள்ள ஒரு பெட்டி, மேலே தாள் நுழையும் அளவுக்கு ஒரு வாய், சாவி ஒரே ஒருவரிடம். நாங்கள் அதற்கு மாறிய பிறகுதான் மேசைகளில் ரிப்போர்ட் கிடப்பது நின்றது.

காகிதம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பயம் வருகிறது. கணினியில் இருப்பது அப்படியல்ல. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும், பெரும்பாலும் அழிவது பொருளடக்கம் மட்டும்தான்; உள்ளே பக்கங்கள் கிடக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. சரியாகத் துடைத்திருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன.

பழைய வகைச் சுழலும் டிஸ்க் என்றால், முழுப் பரப்பின் மீதும் வேறு தகவலை எழுதிவிடும் மென்பொருள் போதும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் (சிப்பில்) சேமிக்கும் எஸ்எஸ்டியும் பென் டிரைவும் வேறு. அவை எழுதும் இடத்தைத் தாமாகவே மாற்றி மாற்றி எழுதும். நாம் மேலே எழுதினோம் என்று நினைக்கும் இடத்தில் பழையது மிஞ்சியிருக்கலாம். காந்தமும் அவற்றை ஒன்றும் செய்யாது. தயாரிப்பாளர் கொடுக்கும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது முதல் நாளிலிருந்தே முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து, அதாவது ரகசியக் குறியீடாக்கி வைத்து, கடைசியில் அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியை அழிக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் சில்லையே தூளாக்க வேண்டும். எங்கள் பழைய கணினியின் டிஸ்க்கை டிரில் போட்டுத் துளைத்தோம். மூன்று துளை. முதல் துளையில் உள்ளிருந்த தட்டு கண்ணாடி போலப் பளபளத்தது. எட்டு வருடப் பெயர்கள் அதில்தான் இருந்தன.

ஜெராக்ஸ் மெஷினை நாங்கள் மறந்தே போயிருந்தோம். வாடகைக்கு எடுத்தது, திருப்பி அனுப்பத் தயாராக வாசலில் நின்றது. பெரிய மெஷின்கள் பலவற்றின் உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகல் எடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கிவிடலாம். அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம், வாடகை மெஷின்களை டிஸ்க்கைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. அதைப் படித்திருந்ததால் கடைசி நேரத்தில் நிறுத்தி, துடைத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்பினோம்.

பிறகு, எங்கள் போன்கள். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அன்றாட வழக்கமாக இருந்தது. ஒவ்வொருவர் கேலரியிலும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து அழித்தோம். தானாகவே படம் சேமிக்கும் அமைப்பையும் நிறுத்தினோம். கிளவுடில் தானாக ஏறியிருந்த நகல்களையும் தேடிப் போக வேண்டியிருந்தது. எங்கள் வேலைகளிலேயே கடினமானது அதுதான்.

அளவு அதிகமாக இருந்தால் வெளியாளிடம் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் வேலையைத்தான் கொடுக்கிறோம், பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. அமெரிக்க நிதி நிறுவனமான மோர்கன் ஸ்டான்லி தன் பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்த, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் மாற்றித்தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. வாடிக்கையாளர் தகவல் துடைக்கப்படாமலேயே சில கருவிகள் இணைய ஏலத்துக்குப் போயின. 2022-இல் அந்த நிறுவனம் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. நானும் சாமான் ஏற்ற வந்தவர்களை நம்பித்தானே விட்டேன்! அதனால் இப்போது எவ்வளவு பெட்டி என்று எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். டிஸ்க் என்றால் சீரியல் எண்ணோடு. முடிந்தால் நம் வாசலிலேயே வண்டியில் வைத்து அரைப்பவர்களாகப் பார்த்து, முடியும்வரை பக்கத்தில் நிற்கிறோம். அழித்ததற்கான சான்றிதழில் அதே எண்கள் இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கிறோம். எண் இல்லாத சான்றிதழை நான் வாங்குவதில்லை.

அவசரப்பட்டு அழிப்பதும் ஆபத்துதான். வழக்கோ விசாரணையோ ஆடிட்டோ நடக்கும்போது, அல்லது வரப்போகிறது என்று தெரியும்போது, சம்பந்தப்பட்ட எதையும் தொடக் கூடாது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில் காகிதங்கள் மூட்டை மூட்டையாக ஷ்ரெட் செய்யப்பட்ட பிறகு அமெரிக்கா 2002-இல் கொண்டுவந்த சட்டத்தில், விசாரணையைத் தடுக்கப் பதிவுகளை அழித்தால் 20 ஆண்டு வரை சிறை. வரிக் கணக்கு, சம்பளப் பதிவு, குழந்தைகளின் மருத்துவப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கும் காலம் வேறு வேறு. உங்கள் நாட்டு, உங்கள் துறை விதியைக் கேட்டு ஒரே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

எங்கள் சுவரில் ஒட்டிய அந்தத் தாளைப் பார்த்துத்தான் இப்போது ஒவ்வொரு பெட்டியையும் மூடுகிறேன். ஒரே வருடத்தில் காலம் முடிபவை மட்டும் ஒரு பெட்டியில். மூடும் அன்றே மேலே 'அழிக்க வேண்டிய தேதி' என்று எழுதிவிடுகிறேன், பின்னொரு நாள் எழுதலாம் என்று விடுவதில்லை. அழித்ததற்கு ஒரு நோட்டு இருக்கிறது: பெட்டி எண், எந்த வருடத்துத் தாள்கள், எந்த முறையில், யார் முன்னிலையில். எந்த நோய்க்காக வந்தவர் என்பதை அதில் எழுதுவதில்லை. எழுதினால், அழித்த ரகசியத்தை நோட்டில் திரும்ப எழுதிவைத்தது போல் ஆகிவிடும். பெட்டிகளின் மேல் 'பழசு' என்ற வார்த்தை இப்போது எங்கள் அலுவலகத்தில் எங்கும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த உறையின் தேதி வந்தது. நாட்காட்டியில் முன்பே குறித்துவைத்திருந்தேன். காலையிலேயே அவருக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நேரில் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, "போனைக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல வைங்க" என்றார்.

உறையைப் பிரித்தேன். செருப்புத் தடம் மங்கியிருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாளைக் கொடுத்தேன். நாலு விநாடி சத்தம்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."